பிரான்ஸுக்குப் போன பந்துன்

பந்துன் என்றாலே நமக்குப் பள்ளிப் பாடம்தான் ஞாபகத்துக்கு வரும். நாலு அடி. அடிக்கு 8 முதல் 12 அசை. நம்ம நேரசை, நிரையசைக் கணக்கு இல்லை. வாயில் ஒலிக்கும் துண்டுகளின் எண்ணிக்கை. 1-ஆம் அடி 3-ஆம் அடியோடும், 2-ஆம் அடி 4-ஆம் அடியோடும் கடைசி ஒலியில் இயையும். முதல் இரண்டடி ‘பெம்பாயாங்’: ஆறு, பறவை, பழம், படகு. பின்னிரண்டு ‘மக்சூட்’: சொல்ல வந்த விஷயம்.

இந்த இரண்டுக்கும் நடுவே விழும் மௌனத்தில்தான் பந்துனின் உயிர் இருக்கு என்பேன். படகு ஒன்று ஆற்றில் போகிறது என்று நிறுத்தியதுமே, கேட்பவர் மனசு வரப்போகும் பிரிவுக்குத் தயாராகிவிடும். சங்கப் பாடலின் உள்ளுறை தெரிந்தவர்களுக்கு இது அந்நியமில்லை. ஆனால் உள்ளுறையில் ஒப்புமையைத் தேடிப் பிடிச்சுடலாம். பந்துனில் பல நேரம் ஓசை மட்டுமே பாலம்.

1829-இல் விக்டர் யூகோ தன் ‘கீழைத்தேயப் பாடல்கள்’ தொகுப்பின் குறிப்புகளில் ஒரு மலாய் பந்துனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைச் சேர்த்தார். அது ‘பந்துன் பெர்காயிட்’ வகை: ஒரு செய்யுளின் 2, 4-ஆம் அடிகள் அடுத்த செய்யுளில் 1, 3-ஆம் அடிகளாகத் திரும்பும். அந்தாதி படித்த நமக்கு அந்தக் கட்டு சட்டென்று பிடிபடும். பிரெஞ்சுக்காரர்கள் அதிலிருந்து ‘பான்தூம்’ வடிவத்தை உண்டாக்கினார்கள். 1857-இல் போதலேரின் தொகுப்பிலும் அதன் சாயலில் ஒரு கவிதை வந்தது.

திரும்பும் அடிகள் கடல் தாண்டிவிட்டன. இன்றைய ஆங்கிலப் பான்தூம்கள் பலவற்றில் பெம்பாயாங்கையே காணோம். திரும்பி வரும் அடி ஏக்கத்தைச் சுழற்றிக் காட்டும். பெம்பாயாங் அதே ஏக்கத்தை மறைத்து வைக்கும். ரெண்டும் வேறவேற மனநிலை.

மலாக்காவில் செட்டி சமூகத்தாரும் பாடும் தொண்டாங் சாயாங்கில் பந்துனுக்குப் பந்துன் பதிலாக வருகிறது. அசையை எண்ணுவதோடு நிறுத்தாமல் அதைக் காதால் கேளுங்க. முதல் இரண்டடி முடியும் இடத்தில், சொல்லப்படாதது என்னன்னு மனசு தேட ஆரம்பிக்கும்.