கெடாவின் போர்க்கால விமானங்களும் மாதிரி விமானக் கலையும்: விளையாட்டுப் பொருளிலிருந்து வரலாற்றுச் சான்று வரை

முன்னுரை

1941 டிசம்பர் 8ஆம் நாள் காலை, மலாயாவின் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் விமானத்தளங்கள்மீது ஜப்பானிய ராணுவ விமானங்கள் குண்டு வீசின. அப்போது சுங்கை பட்டாணியில் ஆஸ்திரேலிய விமானப்படையின் 21ஆம் அணி பிரூஸ்டர் பஃபலோ சண்டை விமானங்களுடனும், பிரிட்டிஷ் விமானப்படையின் 27ஆம் அணி பிரிஸ்டல் பிளெனிம் இரவுச் சண்டை விமானங்களுடனும் இருந்தன. அலோர் ஸ்டாரில் 62ஆம் அணியின் பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் நின்றன. சில நாள்களுக்குள் தளங்கள் கைவிடப்பட்டன. ஜித்ராவில் அரண் உடைந்தது. கெடா ஜப்பானியர் வசமானது.

மலாயாவில் பறந்த பஃபலோக்களில் ஒன்றுகூட இன்று முழு உருவில் இல்லை. பஃபலோ குடும்பத்திலேயே உடல் குலையாமல் எஞ்சியது, 1998இல் ரஷ்ய ஏரி ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட பின்லாந்து விமானப்படையின் விமானம்தான். ஆகவே கெடாவின் வானில் பறந்த பஃபலோவை முப்பரிமாணத்தில் காண நமக்கு மிஞ்சியிருக்கும் வழி மாதிரி விமானமே. இக்கலை விளையாட்டுப் பொருளாகத் தொடங்கி, போர்ப் பயிற்சிக் கருவியாகி, சான்று கேட்கும் வரலாற்று முயற்சியாக வளர்ந்த பாதையை இக்கட்டுரை ஆராய்கிறது. அந்த வளர்ச்சியின் அடுத்த படி கெடாவின் தோட்டப்புற மக்களை உள்ளடக்க வேண்டும் என்பது இதன் வாதம்.

மரமும் கறுப்பு வண்ணமும்

1930களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் வடிவமைத்த ஸ்கைபேர்ட்ஸ் மாதிரிகள் மரத்தாலும் உலோகத்தாலும் ஆனவை. அவை 72இல் ஒரு பங்கு என்ற அளவைப் பரப்பின. ஓர் அங்குலம் ஆறு அடியைக் குறிக்கும் அளவு இது. ஆறடி மனிதர் இதில் ஓர் அங்குல உயரமே இருப்பார். 1936இல் ஃபிராக் நிறுவனத்தின் பெங்குவின் வரிசை அதே அளவில் பிளாஸ்டிக் பாகங்களைக் கொண்டுவந்தது.

போர் வந்ததும் மாதிரி விமானத்துக்கு வேறு வேலை வந்தது. தலைக்கு மேலே பறப்பது நம்முடையதா எதிரியுடையதா என்பதை நொடிக்குள் சொல்லப் பீரங்கிப் படையினரையும் காவல் நிலையினரையும் பழக்க வேண்டியிருந்தது. 72இல் ஒரு பங்கு மாதிரியைப் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், உண்மை விமானத்தை 720 மீட்டர் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். 1942 தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, ஐந்து லட்சம் மாதிரிகளைச் செய்து தரும்படி அந்நாட்டுப் பள்ளி மாணவர்களைக் கேட்டது. மரத்தில் செதுக்கிய அவை முழுவதும் கறுப்பு பூசப்பட்டவை. வடிவம் மட்டுமே கண்ணில் பதிய வேண்டும், நிறம் கவனத்தைக் கலைக்கக் கூடாது. அளவில் துல்லியம் வேண்டும் என்ற கட்டுப்பாடு இக்காலத்தில்தான் இறுகியது.

பிளாஸ்டிக் யுகம்

1953இல் ஏர்ஃபிக்ஸ் தன் முதல் விமான கிட்டாக ஸ்பிட்ஃபயரை வெளியிட்டது. அச்சில் வார்த்த பாலிஸ்டைரீன் பாகங்கள் இக்கலையைச் செதுக்கத் தெரிந்தவர் கையிலிருந்து, பசையும் தூரிகையும் பிடிக்கத் தெரிந்த யாவர் கைக்கும் கொண்டுவந்தன. தொடக்கத்தில் புகழ்பெற்ற விமானங்களே வந்தன. தோற்ற போர்முனையின் விமானங்கள் பின்னரே இடம்பெற்றன: 1970களின் தொடக்கத்தில் ஏர்ஃபிக்ஸ் பஃபலோவை வெளியிட்டது, 1974இல் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தாமியா நிறுவனம் 48இல் ஒரு பங்கு அளவில் அதைக் கொண்டுவந்தது. மலாயாவில் தன் நாட்டு விமானிகள் எதிர்கொண்ட விமானத்தை ஜப்பானிய நிறுவனமே கவனத்துடன் வார்த்துத் தந்தது, பகைமைக்கு அப்பால் இக்கலை வளர்ந்ததற்கு அடையாளம்.

பஃபலோவின் இறக்கை அகலம் 10.67 மீட்டர். அது 72இல் ஒரு பங்காகும்போது ஏறத்தாழ 14.8 செ.மீ.; 48இல் ஒரு பங்காகும்போது 22.2 செ.மீ. பிளெனிம் முதல் வகையின் 17.17 மீட்டர் இறக்கை, சிறிய அளவில் 23.8 செ.மீ. ஆகும்.

வடிவம் சொல்லும் வரலாறு

கெடாவின் விமானத்தைச் செய்பவர் முதலில் எந்தத் தளம் என்று தீர்மானிக்க வேண்டும். அலோர் ஸ்டாரின் பிளெனிமும் சுங்கை பட்டாணியின் பிளெனிமும் ஒரே உடல் கொண்டவை. ஆனால் 27ஆம் அணியின் இரவுச் சண்டை வகைக்கு வயிற்றுக்கு அடியில் நான்கு பிரவுனிங் துப்பாக்கிகள் அடங்கிய பெட்டி உண்டு. 62ஆம் அணியின் குண்டுவீச்சு வகைக்கு அது கிடையாது. விரல் நுனியளவுள்ள அந்தப் பாகத்தை ஒட்டுவதா விடுவதா என்பதே வரலாற்று முடிவாகிறது.

பஃபலோவின் தடித்த உடலும் அப்படித்தான். அதில் பொருத்தப்பட்ட ரைட் சைக்ளோன் எஞ்சின் 1,100 குதிரைத்திறன் கொண்டது. பிரிட்டிஷ் தேவைக்கேற்ப ஏற்றிய கூடுதல் எடையோடு வெப்பமண்டலத்தில் பறந்தபோது எஞ்சின் சூடேறியது, மேலெழும் வேகம் குறைந்தது. இலகுவான ஜப்பானிய விமானங்களின் முன் அது திணறியதற்கான காரணங்களில் ஒரு பகுதி, மாதிரியின் உருண்ட மூக்கைக் கையில் பிடித்தாலே விளங்கும்.

நிறத்துக்குச் சான்று எது?

வேலையின் ஒழுங்கு பெரும்பாலும் இப்படி அமையும். விமானி அறையை முதலில் பூசி, உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவர். இணைப்பில் தெரியும் பிளவுக்குப் பட்டி வைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்ப்பர். பிரைமர் அடித்ததும், தேய்ப்பில் தப்பிய கீறல்கள் வெளியே தெரிந்துவிடும். பிறகு மண்பழுப்பு, அது நன்றாகக் காய்ந்ததும் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கரும்பச்சைத் திட்டுகள். ஹம்ப்ரோல் எனாமலில் பழுப்பு 29ஆம் எண், பச்சை 30ஆம் எண். பளபளப்பு வார்னிஷின்மேல் டீக்கல்களை நீரில் நனைத்து நகர்த்தி வைப்பர். இறுதியில் மங்கல் வார்னிஷ். கெடாவில் இந்தக் கடைசிப் படிக்குப் பொழுது பார்க்க வேண்டும். மழை ஓய்ந்த ஈரக்காற்றில் லாக்கர் வார்னிஷ் தெளித்தால், அது காய்கையில் காற்றின் ஈரம் படிந்து கரும்பச்சையின்மேல் வெண்புகைபோல் மாசு பரவும். வெயில் ஏறிய நண்பகலே ஏற்றது.

மேற்பரப்பின் பழுப்பும் பச்சையும் பெரிதும் ஐயமற்றவை. அடிப்பகுதியின் நிறத்தில்தான் ஆய்வாளர் வேறுபடுகின்றனர். வெளிர்பச்சை சாயலுள்ள ‘ஸ்கை’ என்போர் உண்டு. வெளிர்நீலம் என்போரும் உண்டு. சில பஃபலோக்களில் ஓர் இறக்கையின் அடிப்பக்கம் மட்டும் கறுப்பாக இருந்ததைப் படங்கள் காட்டுகின்றன. கிடைப்பவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றிலும் சிவப்பொளியை உணராத படச்சுருள் மஞ்சளையும் சிவப்பையும் உண்மையைவிட இருட்டாகக் காட்டும். ஒரே சாம்பல் நிழலை இருவர் இரு நிறமாகப் படிக்க இடமிருக்கிறது.

இந்த இடத்தில்தான் கலை முதிர்ந்தது என்பேன். பெட்டியின்மேல் அச்சிட்ட ஓவியத்தை நம்பிப் பூசிய தலைமுறைக்குப் பின், படம், படைக்குறிப்பு, சிதைவில் எஞ்சிய வண்ணத்துணுக்கு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பூசும் தலைமுறை வந்தது. கல்வெட்டில் சிதைந்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் இட்டுப் பதிப்பிக்கும் நேர்மை இதற்கும் பொருந்தும்: உறுதியானது எது, ஊகம் எது என்பது மாதிரியோடு சேர்த்து எழுதி வைக்கப்பட வேண்டும்.

ஒரு விமானம், ஒரு நாள்

டிசம்பர் 9ஆம் நாள், பட்டர்வொர்த்தில் புறப்படத் தயாரான பிளெனிம்கள்மீது தாக்குதல் நடந்தது. ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப் ஓட்டிய எல்1134 மட்டும் ஏற்கெனவே எழும்பியிருந்தது. அவர் தனியாகவே தாய்லாந்தின் சிங்கோராவுக்குப் பறந்து குண்டு வீசினார். எதிரி விமானங்களின் சூட்டில் படுகாயமுற்றும் அலோர் ஸ்டார்வரை திரும்பி, விமானத்தை வயிற்றின்மேல் இறக்கி, உடன் வந்த இருவரையும் உயிருடன் சேர்த்தார். அவர் மருத்துவமனையில் இறந்தார். 1946இல் விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. கல்லறை தைப்பிங் போர்க் கல்லறையில் இருக்கிறது. எல்1134ஐச் செய்பவர் இந்த நாளைச் செய்கிறார்.

தரையில் நிற்க வேண்டியவர்கள்

ஆனால் அந்த நாள் வானத்தோடு முடியவில்லை. தளங்களைச் சூழ்ந்திருந்தவை வயல்களும் ரப்பர் தோட்டங்களும். ஜித்ரா தோல்விக்குப் பின், அலோர் ஸ்டாரில்தான் பிரிட்டிஷ் இந்தியப் படையின் கேப்டன் மோகன் சிங்கும் ஜப்பானிய உளவு அதிகாரி ஃபூஜிவாராவும் பேசி இந்திய தேசிய ராணுவத்துக்கு வித்திட்டனர். 1942–43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் 415 கி.மீ. நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் அத்துயரை நாவலாக்கினர். விமானத்தளங்களுக்கு அத்தகைய தமிழ்ப் பதிவு, நான் அறிந்தவரை, அமையவில்லை.

விமானத்தைத் தனியே மேசையில் வைக்கும் வழக்கத்துக்கு மாறாக, அது நின்ற நிலத்தையும் சேர்த்து அமைக்கும் காட்சி மாதிரி இன்று பரவலானது. கெடாவுக்கு அதுவே பொருந்தும். 72இல் ஒரு பங்கு என்ற அளவே மனிதரை வைத்துப் பிறந்தது. ஓடுபாதை விளிம்பில் பால்மரங்கள், லயத்து வீடு, வேலைக்குப் புறப்பட்ட ஆணும் பெண்ணும் இருந்தால்தான் பஃபலோ கெடாவின் பஃபலோ ஆகும். இல்லையேல் அது எந்த நாட்டு வானுக்கும் உரிய பொம்மை.

முடிவுரை

மாதிரி விமானக் கலை மூன்று கட்டங்களைக் கடந்துள்ளது. முதலில் வடிவத்தைக் காட்டியது. பின் எதிரியை அடையாளம் காணப் பழக்கியது. இன்று சான்றை எடைபோடக் கற்பிக்கிறது. கெடாவின் தமிழ்ப்பள்ளிகளும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் இந்த மூன்றாம் கட்டத்தில் சேர வேண்டும். 21ஆம் அணியின் பஃபலோ, 27ஆம் அணியின் துப்பாக்கிப் பெட்டியுள்ள பிளெனிம், ஸ்கார்ஃபின் எல்1134 ஆகிய மூன்றும் தொடக்கத்துக்குப் போதும். ஒவ்வொன்றோடும் ஜப்பான் காலத்தைக் குடும்பத்தில் கேட்டு வளர்ந்தவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்து வைக்க வேண்டும். நேரில் கண்டவர்கள் குறைந்துவருகிறார்கள். கிட்டை எந்த ஆண்டும் வாங்கலாம், சாட்சியத்தை இப்போதுதான் பெற முடியும். அதனால் முதல் வேலை தோட்டத்துப் பெரியவர்களிடம் போய்க் கேட்பதே. வண்ணம் பூசுவது அதற்கடுத்தது.