தேனில் கெடாத இறைச்சி

1660இல் நமது மூதூர்ப் பக்கம் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டவர், ஆங்கிலேயரான றொபர்ட் நொக்ஸ். பல ஆண்டுகளின் பின் தப்பிச்சென்று 1681இல் வெளியிட்ட நூலில், வேடர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார்: மரப்பொந்தில் தேனூற்றி, அதில் இறைச்சியை இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். தேவைப்படும்போது எடுத்துண்பார்கள்.

தேனில் நீர் குறைவு, சீனி அதிகம், புளிப்பும் உண்டு. அதனால் கிருமிகள் பெருகுவதில்லை. ஆனால் பொட்டுலிசம் நோய்க் கிருமியின் வித்திகள் அதற்குள் சாகாமல் கிடக்கலாம். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும்; ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடல் தாங்காமல் போகலாம்.

தேனில் நிவாரணம் உண்டென்று நம்புகின்றவர்கள் நாம். பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் ஆசையும் நமக்குண்டு. அதற்கு மட்டும் ஒரு வருடம் பொறுப்போம். வீட்டிலுள்ள உம்மம்மாமாரிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்வோம்.