கும்பார்வாடாவில் ஒரு பூந்தொட்டி

மே மாசக் கடைசி வந்தால் மும்பைத் தமிழர் வீட்டு பால்கனிகளில் தொட்டி மாற்றும் படலம் ஆரம்பம். மழைக்கு முன்னால் கருவேப்பிலையையும் துளசியையும் அடுத்த சைஸ் தொட்டிக்கு மாற்றியாக வேண்டும். செம்பூரில் இருக்கும் எனக்குத் தொட்டி என்றால் தாராவி 90 அடி ரோட்டுக் கும்பார்வாடாதான். (கும்பார் என்றால் குயவர். நம்ம கும்பகோணத்தில் இருக்கிற அதே கும்பம்தான்!)

தாராவி என்றதும் நமக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இந்தக் குயவர்கள் குஜராத்தின் சௌராஷ்டிரத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். முதலில் குடியேறியது தெற்கு பம்பாயில். அங்கே இன்றும் கும்பார்வாடா என்று ஒரு பேட்டை இருக்கிறது, பெயர் மட்டும். ஊர் பெருகப் பெருக, புகையும் நாற்றமும் உள்ள தொழில்களை வடக்கே தள்ளிக்கொண்டே போனார்கள். 1930-களின் தொடக்கத்தில் குயவர்கள் வந்து சேர்ந்த இடம், மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவிச் சதுப்பு நிலம்.

பக்கத்திலேயே மாட்டுங்காவைப் பாருங்கள். 1896 பிளேக்குக்குப் பிறகு, 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் வந்தது. அது மனை பிரித்து, ரோடு போட்டு, பூங்காவுக்கு இடம் விட்டு உருவாக்கிய பகுதிகளில் ஒன்று மாட்டுங்கா. டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் படித்து வந்த நம்மவர்களுக்கு அங்கே வாடகைக்கு வீடு கிடைத்தது. ஒரே ஊர், ஒரே காலம். குமாஸ்தாவுக்குப் பூங்கா, குயவருக்குச் சேறு. எனக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

நான் வழக்கமாக வாங்குகிற பெரியவரை 'காகா' என்று கூப்பிடுவேன் (சித்தப்பா என்று அர்த்தம், காக்கை இல்லை :-)). தொட்டி விற்பதோடு இலவசமாகப் பாடமும் எடுப்பார். புதுத் தொட்டியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடணும், இல்லையென்றால் செடிக்கு ஊற்றுகிற தண்ணீரை அதுவே குடித்துவிடும். பழசைவிட இரண்டு இன்ச் பெரிசு போதும். ரொம்பப் பெரிசானால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி, வேர் அழுகும். அடி ஓட்டையை அடைக்காமல் மேலே ஒரு ஓட்டுச்சில் வைக்கணும். சுருண்ட வேரை விரலால் பிரித்து விடணும், ஆனால் தாய் மண்ணை முழுசாக உதறக்கூடாது.

2004-ல் மாநில அரசு தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தைக் கையில் எடுத்தது. டெண்டர்கள் வந்து, ரத்தாகி, கடைசியில் 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்றது. அடுக்குமாடி வரும், வீடு கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் கும்பார்வாடாவில் வீடு வெறும் வீடு இல்லை. தெருப்பக்கம் கடை, உள்ளே குடித்தனமும் சக்கரமும், பின்னால் பொதுச் சூளை. பச்சைப் பானை காய வெயில் படுகிற முற்றம் வேண்டும். சூளைக்குக் கழிவுப் பஞ்சும் கந்தலும் எரிப்பதால் புகையும் வரத்தான் செய்யும்.

திட்டத்தைப் பற்றிக் காகாவிடம் கேட்டேன். தொட்டியைத் தட்டிச் சத்தம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வீடு தரட்டும், வாங்கிக்கிறோம். சூளையை எத்தனாவது மாடியில் வைப்பது?"