தாண்டிக்குடிச் சரிவில் வாக்த்ரூ: கட்டாத கட்டடத்தைக் காட்டும் படத்தின் வரலாறு

வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை, தடியன்குடிசை வழியாக மலையேறினால் தாண்டிக்குடி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள், இடையிடையே மலைவாழை. கொடைக்கானலின் நெரிசல் கீழ்ப்பழனி மலைப் பக்கமும் இறங்கிவரும் இந்நாளில், இங்கும் காட்டேஜ்களுக்கும் விடுதிகளுக்கும் விளம்பரங்கள் வருகின்றன. எழும்பாத கட்டடத்தைக் குத்தகைதாரருக்கு முன்கூட்டியே காட்டும் 'வாக்த்ரூ' அசைபடம் இத்தகைய விளம்பரத்தின் வலுவான கருவி. அது எவ்வாறு உருவாகி வந்தது, மலைச்சரிவில் எதைக் காட்டாமல் விடுகிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

வரப்போவதை முன்கூட்டியே காட்டும் வழக்கம் கணினிக்கு முந்தையது. இங்கிலாந்தின் நிலவடிவமைப்பாளர் ஹம்ப்ரி ரெப்டன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் வாடிக்கையாளர்களுக்குச் 'சிவப்பு ஏடுகள்' தயாரித்துக் கொடுத்தார். நீர்வண்ண ஓவியத்தின்மேல் ஒட்டிய தாள்மடிப்பில் இன்றைய நிலம் இருக்கும். அதைத் தூக்கினால் நாளைய நிலம் தெரியும். இருப்பதைப் பார்த்த பிறகே வரப்போவதைப் பார்க்க முடியும் என்ற அந்த ஒழுங்கு, பின்னாளில் வந்த எந்தத் தொழில்நுட்பத்திலும் இயல்பாக அமையவில்லை.

1970களின் தொடக்கத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கிரீன்பெர்க், தம் மாணவர்களுடன் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சிராக்யூஸ் ஆய்வகக் கணினியில், பல்கலைக்கழக வளாகத்தையே அசைபடமாக்கினார். அத்தகைய கணினி அன்று கட்டடக்கலைஞருக்கு எட்டாத பொருள். 1990இல் வந்த 3டி ஸ்டூடியோவும், 1996இல் அதன் வழிவந்த 3டிஎஸ் மேக்ஸும்தான் வேலையை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தன. சென்னையில் டைடல் பார்க் 2000இல் திறக்கப்பட்டது; அதன்பின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி வளாகங்கள் பெருகின. அத்தகைய கட்டடத்துக்கு, வாக்த்ரூவைப் பார்த்து வேலை முடியுமுன்பே குத்தகைதாரர் முன்வந்துவிட்டால் வங்கிக் கடன் கேட்கவும் வலு. சிற்றூர்களில், வீட்டின் முகப்பைக் காட்டும் '3டி எலிவேஷன்' வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்கும் பொருளானதும் இந்தக் கால் நூற்றாண்டில்தான்.

செலவுக் கணக்கைப் பார்த்தால் பரவலின் காரணம் புரியும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு நிமிடப் படத்துக்கு 1,500 ஃப்ரேம்கள். ஒரு ஃப்ரேமைக் கணினி கணக்கிட்டுப் படமாக்க (ரெண்டர்) 20 நிமிடம் பிடித்தால் மொத்தம் 500 மணி நேரம். ஒற்றைக் கணினி ஏறக்குறைய 21 நாள் ஓயாமல் ஓட வேண்டும். 2010இல் வந்த லூமியன் போன்ற மென்பொருள்கள் ஃப்ரேமுக்கான நேரத்தை நொடிக்கணக்குக்கு இறக்கின. நாலைந்து காட்டேஜ் போடுபவருக்கும் வாக்த்ரூ கட்டுப்படியாகும் நிலை அதன் பிறகே வந்தது.

படம் உருவாகும் மேசைக்கு அருகே சென்று பார்ப்போம். ஆட்டோகேட் பிளானிலிருந்து சுவர்கள் எழுப்பப்படுகின்றன. கேமராவுக்கு அகன்ற லென்ஸ். பத்தடி அறையும் கூடம்போல விரிகிறது. மரங்கள் மென்பொருள் நூலகத்திலிருந்து வருகின்றன. மிளகு ஏறிய சில்வர் ஓக்கை யாராவது தனியாக உருவாக்கினால்தான் உண்டு. தரை பெரும்பாலும் ஒரு சமதளம், அதன்மேல் புல். சர்வேயர் எடுத்த சமஉயரக் கோடுகளை உள்ளிட்டால் சரிவு சரிவாகவே வரும். ஆனால் அப்போது மண் வெட்டிய இடமும் தாங்குசுவரும் மழைநீர் ஓடும் வழியும் சேர்ந்தே தெரியும். விற்பனைப் படத்தில் அவற்றை யாரும் விரும்புவதில்லை. மலைக்கட்டடத்தின் உண்மை பிளானிலோ எலிவேஷனிலோ இல்லை, நிலத்தையும் கட்டடத்தையும் குறுக்கே வெட்டிக் காட்டும் வெட்டுத்தோற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. வாக்த்ரூ கைவிட்டது அந்த ஒரு வரைபடத்தைத்தான்.

கட்டடம் நிலத்தை மீறுவதன் விலையைப் பழனிமலை அறியும். மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் அமைந்தது. மலைவாழிடங்களுக்கான கட்டட விதிகள் 1993இல் வந்தன. அனுமதிக்கு மிஞ்சி மாடிகள் எழுப்பிய கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே விடுதியை எதிர்த்துப் பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் தொடுத்த வழக்கு, 1995இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வெகுகாலம் கழித்தே வந்தது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் எந்த வடிவிலான விளம்பரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நட்டமடைந்தவருக்கு 12ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. எனினும் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம் அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டம் என்றால் பதிவு தேவையில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: ஒதுக்கீடு பெறுபவர் என்ற வரையறையிலிருந்து வாடகைக்கு எடுப்பவரைச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது. குத்தகைதாரரை ஈர்க்கவே எடுத்த படமானாலும், அவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். தவறான கூற்றை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை அவர் ரத்து செய்யலாம். ஆனால் சாதாரண விழிப்போடு உண்மையை அறிந்திருக்க முடியும் என்றால் அவ்வுரிமை போய்விடும் என்கிறது 19ஆம் பிரிவின் விதிவிலக்கு. கட்டாத கட்டடத்தைப் போய்ப் பார்க்க முடியாது. சரிவை நேரில் வந்து பார்த்திருக்கலாமே என்று உரிமையாளர் வாதிட இடமிருக்கிறது.

இதற்குப் புதுச்சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எப்படியும் பதிவாக வேண்டும். சர்வே செய்த சமஉயரக் கோடுகளோடு கூடிய வெட்டுத்தோற்றத்தைக் குத்தகைதாரர் கேட்டு வாங்கி, படம் அதன்படியே எடுக்கப்பட்டது என்ற உரிமையாளரின் உறுதிமொழியோடு அதே பத்திரத்தில் இணைப்பாகச் சேர்க்கலாம்.