பருவமழை பொய்த்த ஆண்டும் பால்மரத் தோட்டங்களும்

1918ஆம் ஆண்டு உலகை உலுக்கிய இன்புளுவென்சாக் காய்ச்சல் பேரா மாநிலத்தையும் விட்டுவைக்கவில்லை. அதன் கொடிய அலை அக்டோபரில் மலாயாவைத் தாக்கிற்று. ஈப்போவைச் சூழ்ந்த ஈயச் சுரங்கங்களிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் உழைப்பாளர் நெருங்கி வாழ்ந்தனர். ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் அடைந்து கிடந்த லயங்களில், ஓர் அறையில் எழுந்த இருமல் மறு அறையை எட்ட நெடுநேரம் ஆகவில்லை. மலாயாவில் மாண்டோர் ஏறத்தாழ 35,000 பேர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு.

அதே ஆண்டில் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. பசிபிக் கடல்நீர் வெப்பமுறும் 'எல் நினோ' நிகழ்வோடு இதனை வானிலை அறிஞர் தொடர்புபடுத்துவர். பஞ்சமும் காய்ச்சலும் ஒருங்கே வந்தமையால் அங்கு ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மடிந்தனர். வறட்சியே நோயைப் பிறப்பித்தது என்பது பொருந்தாது. கிருமி கப்பலேறி வந்தது. நோயைத் தாங்கும் வலுவையே வறட்சி பறித்தது.

மலாயாவிலோ முறை மாறிற்று. நோய் முந்தியது, பசி பிந்தியது. இந்தியப் பஞ்சத்தால் பர்மிய அரிசி ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1919இல், வறட்சியுற்ற சயாமும் ஏற்றுமதியை நிறுத்தியது. 1906இல் திறக்கப்பெற்ற கிரியான் நீர்ப்பாசனத்தில் விளைந்த நெல் பேரா மாநிலத்துக்கே போதவில்லை. காய்ச்சலில் உற்றாரைப் பறிகொடுத்த மக்கள், சோற்றுக்கு மாற்றாகக் கிழங்கைத் தேட நேர்ந்தது. ஜப்பானியர் காலத்து மரவள்ளியை மறவாத நம்மவர், அதற்கு இருபதாண்டு முந்திய இக்கிழங்கை ஏனோ பேசுவதில்லை.