உணர்விழந்த பாதமும் அதன் சுவடும்

குளித்துவிட்டு ஈரக்காலுடன் சிமிட்டித் தரையில் சிறிது தூரம் நடந்து, திரும்பிப் பாருங்கள். குதிகாலும் முன்பாதமும் விரல்களும் பதிந்திருக்கும். உட்புற வளைவு பெரும்பாலும் பதிந்திராது. இச்சுவடு பாதத்தின் வடிவத்தைக் காட்டும். உடலின் பாரம் எவ்விடத்தில் மிகுதியாக இறங்கிற்று என்பதைக் காட்டாது. குறையுற்ற காலுக்கேற்ற மிதியடி செய்ய முனைந்த மருத்துவர்களுக்கு வேண்டியிருந்ததோ இந்த இரண்டாவது செய்திதான்.

1882-ஆம் ஆண்டில் பீலி என்னும் ஜெர்மானிய மருத்துவர், பாரிஸ் சாந்து நிரப்பிய மெல்லிய பையின்மீது மக்களை நிற்கச் செய்தார். பாரம் மிகுந்த பகுதி ஆழமாகப் பதியும் என்று அவர் கருதினார். கருத்து நல்லதே. ஆனால், இயல்பாகவே துருத்தி நிற்கும் பகுதியும் ஆழமாகத்தானே பதியும்? மேலும், நிற்கும் கால் வேறு, நடக்கும் கால் வேறு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கனடாவில் ஹாரிஸ், பீத் என்னும் இருவர் 3,619 படைவீரர்களின் பாதங்களை ஆராய்ந்தனர். முடிவுகள் 1947-இல் வெளியாயின. அவர்கள் கையாண்ட ரப்பர் விரிப்பில் மூவகை உயரமுள்ள வரம்புகள் இருந்தன. உயர்ந்தவை இடைவெளிவிட்டும், தாழ்ந்தவை நெருக்கமாகவும் அமைந்திருந்தன. மை தடவிய அவ்விரிப்பைக் காகிதத்தோடு சேர்த்து வைத்து, அதன்மேல் ஓரடி எடுத்து வைத்தால் போதும். அழுத்தம் குறைந்த இடத்தில் உயர்ந்த வரம்புகள் மட்டுமே பதியும். மிகுந்த இடத்திலோ எல்லாம் பதிந்து கருமை படரும். தட்டைப் பாதமெல்லாம் நோயுற்ற பாதமன்று என்பதும் அவ்வாராய்ச்சியில் தெளிவாயிற்று.

வலியை உணரும் காலுக்கு இத்தகைய சுவடு ஓர் உதவியே. உணராத காலுக்கோ அதுவே நாவாகும். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் மருத்துவர், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் பாதங்கள் தாமே அழுகி உதிர்வனவல்ல, வலியுணர்வு அற்றுப்போனமையால் காயமுற்றுத் தேய்கின்றன என்று அவர் கண்டறிந்தார். முள் தைத்தால் நாம் நொண்டுகிறோம்; அந்த நொண்டலே நம் காலைக் காக்கிறது. அவர்களோ புண்ணின்மீதே நடந்தனர்.

இத்தகையோரின் சுவட்டில் கருமை கண்ட இடமே நாளைய புண்ணின் இடம். பாதத்தின் அச்சை எடுத்து, அதன் வளைவுக்கேற்ப உள்தளம் அமைத்தால், ஒரு புள்ளியில் இறங்கிய பாரம் உள்ளங்கால் முழுவதும் பரவும். எடை குறைவதில்லை, அதைத் தாங்கும் பரப்பு விரிவதால் அழுத்தம் தணிகிறது. இதற்கு நுண்ணறை ரப்பர் ஏற்றதாயிற்று. ஆணி அடிக்கலாகாது, அது உள்ளே துருத்தினாலும் அணிந்தவர் அறியார். குதிகாலுக்குப் பின்னும் வார் வேண்டும். செருப்பு கழன்று விழுந்ததும் அவருக்குத் தெரியாதே!

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவிலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே, அழுத்தம் மிகுந்த இடத்தில் உடைந்து நிறம் மாறும் நுண்குமிழ்களைக் கொண்ட காலுறையை அவரும் துணைவரும் சோதித்தனர். இன்று நீரிழிவால் பாதவுணர்வு குன்றியோருக்கும் இம்முறைகள் பயன்படுகின்றன. நோயாளியை நாற்காலியில் அமர்த்தி, மென்மையான நுரைப்பெட்டியில் முதலில் குதிகாலையும் பின்னர் விரல்களையும் அழுத்தி அச்செடுக்கின்றனர். புதுச் செருப்புடன் சற்று நடந்து வந்ததும், எவ்விடமேனும் சிவந்தோ சூடேறியோ உள்ளதா என்று உள்ளங்காலைக் கையால் தொட்டுப் பார்க்கின்றனர்.