குறையும் அடியெண்: சுண்ணக்கல்மீது படிந்த களிமண்ணில் ஊடுருவல் சோதனையை வாசிக்கும் முறை

பத்துமலைக் குகைகளில் கண்முன் நிற்கும் சுண்ணக்கல்லும், கோலாலம்பூர் நகரின் பெரும்பகுதிக்கு அடியில் கிடக்கும் சுண்ணக்கல்லும் ஒரே பாறைத் தொகுதியைச் சேர்ந்தவை. மலையில் குகை, பிளவு, கூர்முனை என்று தெரிபவை நகரின் அடியிலும் உண்டு. களிமண்ணும் வண்டலும் பழைய வெள்ளீயச் சுரங்கக் கழிவும் அவற்றை மூடியிருக்கின்றன. இந்த நிலத்தில் அடித்தளம் வடிவமைப்போர் முதலில் நாடுவது செந்தர ஊடுருவல் சோதனையை. 63.5 கிலோ சுத்தியலை 760 மி.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, துளையின் அடியில் ஒரு மாதிரிக் குழாயை இறக்குவார்கள். முதல் 150 மி.மீ. கணக்கில் சேராது; அடுத்த 300 மி.மீ. இறங்கத் தேவைப்படும் அடிகளின் எண்ணிக்கையே, பொறியாளர்கள் ‘என்-வேல்யூ’ என்று சொல்லும் அடியெண். இந்த எண்களைச் சராசரியாக்குவதும், 50 அடியைத் தாண்டியதும் பாறை வந்துவிட்டதென்று துளையை நிறுத்துவதும் பரவலான வழக்கம். சுண்ணக்கல் நிலம் தரும் மிக முக்கியமான சான்று பாறைக்குச் சற்று மேலே அடியெண் திடீரெனக் குறைவதுதான் என்பதும், மேற்சொன்ன இரண்டு வழக்கங்களும் அந்தச் சான்றையே அழித்துவிடுகின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பொதுவாக ஆழம் கூடக் கூட மண் இறுகும், அடியெண்ணும் ஏறும். கோலாலம்பூரின் கென்னி ஹில் படிவத்தில் மணற்பாறையும் களிப்பாறையும் சிதைந்து உருவான மண் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. சுண்ணக்கல்லை நெருங்கும்போது கதை மாறுகிறது. மழைநீர் பாறையைக் கரைத்து உண்டாக்கிய பொந்துகளுக்குள் மேலிருக்கும் மண் நீரோட்டத்தோடு சிறிது சிறிதாக இறங்குகிறது. அடிமண்ணைப் பறிகொடுத்த களிமண் தளர்ந்து, ஈரம் ஏறிக் குழைகிறது. மேலே 18 அடி வாங்கிய மண், பாறைக்கு ஓரிரு மீட்டர் மேலே 2 அடியில் இறங்குவதும், சுத்தியல் விழுமுன்பே தண்டுகளின் எடையிலேயே குழாய் அமிழ்வதும் இதனால்தான். ஒரு துளையில் 6, 10, 14, 18, 2 என எண்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 10. ஸ்ட்ரவுட் 1974இல் முன்வைத்த தொடர்பின்படி, ஓர் அடிக்கு 5 கிலோபாஸ்கல் எனக் கொண்டால், வடிகாலற்ற வெட்டு வலிமை 50 கிலோபாஸ்கல் என்று அறிக்கையில் ஏறும். பாறைமேல் உள்ள அந்த அடுக்கிலோ 10கூடத் தேறாது. கட்டடம் அமிழ்வதை முடிவு செய்யப்போவது அந்த அடுக்கு. போதாக்குறைக்கு, ஸ்ட்ரவுட்டின் தொடர்பு இறுகிய, கலைத்தாலும் வலிமை அதிகம் இழக்காத களிமண்களிலிருந்து பெறப்பட்டது. குழைந்த களிமண்ணுக்கு அதை நீட்டுவதற்கு ஆதாரம் இல்லை.

அடியெண் அவ்வளவு நம்பகமானதா என்ற கேள்வி நியாயமானது. சுத்தியலின் ஆற்றல் முழுவதும் தண்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. கயிற்றால் இழுத்துவிடும் பழைய சுத்தியலில் 45 விழுக்காடு சேரலாம். தானியங்கிச் சுத்தியலில் 80 விழுக்காடு வரை சேரலாம். 60 விழுக்காட்டு அளவுகோலில் 10 என்று வரவேண்டிய மண் முதல் கருவியில் ஏறத்தாழ 13 காட்டும், இரண்டாவதில் 7 அல்லது 8. துளையின் அடியைச் சரியாகக் கழுவாவிட்டாலோ, துளைக்குள் நீர்மட்டம் தாழ்ந்து அடிமண் பொங்கினாலோ எண் பொய்யாகக் குறையும். எதிர்த்திசைப் பிழையும் உண்டு. குழாயை இரண்டாகப் பிளந்து பார்த்தால் சிலசமயம் முழுவதும் குழைகளியாக இருக்கும். நுனியில் மட்டும் ஒரு சுண்ணக்கல் சில்லு வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். ஏட்டில் 50 என்று பதிவானது அந்தச் சில்லின் எதிர்ப்பு, களிமண்ணின் வலிமை அல்ல. இவற்றால் தனித்த ஓர் எண்ணின் மதிப்பு குலைகிறதென்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே கருவி, ஒரே குழு, ஒரே துளை என்னும்போது ஆற்றல் இழப்பு எல்லா ஆழங்களிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் நிகழ்கிறது. 18இலிருந்து 2க்கு விழுவதை அது விளக்காது. துளை கலங்கியதால் வந்த வீழ்ச்சியா என்ற ஐயத்தைத் தீர்க்க, பக்கத்திலேயே கூம்பு ஊடுருவல் சோதனை செய்யலாம். அது இடைவிடாமல் அளப்பது, துளையும் வேண்டாதது. அதே ஆழத்தில் துளைநீர் திடீரென உள்வாங்கினால் ஐயத்துக்கு இடமே இல்லை.

‘பாறை வந்துவிட்டது’ என்ற முடிவு இதைவிட ஆபத்தானது. 50 அடிக்கு நகராத குழாய், நுனியில் கடினமான ஒன்று இருப்பதை மட்டுமே சொல்கிறது. அது களிமண்ணில் மிதக்கும் பாறைத்துண்டாக இருக்கலாம், கூர்முனையின் உச்சியாக இருக்கலாம், பொந்தின் மெல்லிய கூரையாகவும் இருக்கலாம். பாறைக்குள் பல மீட்டர் துளைத்து உள்ளகம் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுத்த பிறகே வேறுபாடு தெரியும். நுனியில் தாங்கும் பைல் என்றால், ஒவ்வொரு பைலின் இடத்திலும் துளையிட்டுப் பார்க்க வேண்டும் என்பேன். செலவு தாங்காது என்பார்கள். ஆனால் ஆய்வு எதைத் தவிர்க்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் குறித்த இடத்தில் சுண்ணக்கல் செங்குத்தாகச் சரிந்து இறங்குவதை நில ஆய்வு காட்டியதால், கோபுரங்கள் ஏறத்தாழ 60 மீட்டர் நகர்த்தப்பட்டன. அங்கே அடித்தளம் பாறையைத் தேடிப் போகவில்லை. 4.5 மீட்டர் தடித்த ராஃப்டின் கீழ், மண்ணின் உராய்வில் தாங்கும் செவ்வகத் தூண்கள் 100 மீட்டருக்கும் அதிக ஆழம் வரை இறக்கப்பட்டன. அதோடு நிற்காமல், பாறைமேல் இருந்த தளர்ந்த மண்ணிலும் பொந்துகளிலும் சிமென்ட் கலவை செலுத்தப்பட்டது. பாறையையே தொடாத அடித்தளத்துக்கும் தளர்ந்த அடுக்கு பொருட்டாக இருந்தது என்பது கவனத்துக்குரியது. இதெல்லாம் வானளாவிகளுக்குத்தான், நாலு மாடிக் கட்டடத்துக்கு எதற்கு என்ற வாதமும் நிற்காது. ஆழமற்ற அடித்தளத்துக்குச் சுமையைப் பக்கத்துக்கு மாற்றும் வலு குறைவு. ஒரு மூலையில் மண் இறங்கினால் சுவர் பிளக்கும்.

மின்தடை அளவீடு துளைகளுக்கு மாற்றாகாது. களிமண் நிரம்பிய பொந்தும் களிமண் அடுக்கும் படத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல் தெரியும். எங்கே துளையிடலாம் என்று காட்ட அது போதும், காட்டிய இடத்தில் சோதனை செய்தாக வேண்டும். துளை அறிக்கையில் அடியெண் குறையும் ஆழத்தையும் அடுக்கின் தடிமனையும் தனியே குறித்து, வலிமையையும் அமிழ்வையும் அந்த அடுக்குக்குத் தனியே கணக்கிட வேண்டும். அந்தக் குறிப்பு வடிவமைப்போடு முடியக்கூடாது, கட்டுமானக் களத்துக்கும் போக வேண்டும். அடித்தளக் குழியிலிருந்து நீரை இறைத்தால் நிலத்தடி நீர்மட்டம் தாழும். தளர்ந்த மண் பொந்துகளுக்குள் இறங்கும் வேகம் கூடும். குழிக்கு வெளியே, அடுத்தவர் மனையில்கூட நிலம் திடீரென உள்வாங்கலாம். எனவே அடியெண் விழுந்த இடங்களில் நீரிறைப்புக்கு முன்பே கலவை செலுத்தி முடிப்பதும், சுற்றிலும் நீர்மட்டக் குழாய்களை நட்டு நாள்தோறும் அளப்பதும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும்.